ஒரே சட்டியில் இரண்டு பதம்: உருளைக்கிழங்கோடு சிவக்க வெந்த சீனப் பன்றி இறைச்சி

சீன மொழியில் ‘ரோ’ என்று மட்டும் சொன்னால் அது பன்றி இறைச்சியையே குறிக்கும். ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி என்றால்தான் விலங்கின் பெயரை முன்னால் சேர்ப்பார்கள். ஆகவே ‘தூ தோ ஷாவ் ரோ’ என்னும் இந்த உணவின் பெயரில் பன்றி என்ற சொல்லே கிடையாது. ‘உருளைக்கிழங்கு இட்டுச் சமைத்த இறைச்சி’ என்பதுதான் அதன் நேர்ப்பொருள். விருந்துக்கு வைக்கும் பண்டம் அன்று இது. பள்ளியிலிருந்து பிள்ளை வந்ததும் சோற்றின்மேல் ஊற்றிக் கொடுக்கும் வீட்டு உணவு. வடகிழக்குச் சீனாவின் ஷென்யாங் நகரில் நான் குடியேறிய முதல் குளிர்காலத்தில், மாலை வேளையில் அடுக்ககத்தின் படிகளில் ஏறும்போதெல்லாம் ஏதோ ஒரு கதவிடுக்கிலிருந்து அன்னாசிப்பூவும் சோயாவும் பன்றிக் கொழுப்பும் சேர்ந்த மணம் வந்துகொண்டிருக்கும். அந்த மணத்தை என் அடுப்பிலும் எழுப்ப வேண்டும் என்று தொடங்கி, மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் மும்முறை செய்து பார்த்தேன். முதல் இரண்டும் வெவ்வேறு காரணங்களால் தவறின. மூன்றாவது சரியாக வந்தது. எங்கே தவறியது, ஏன் தவறியது, எதை மாற்றியபோது சரியானது என்பதை இங்கே விரிவாக எழுதி வைக்கிறேன்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எதிர்வீட்டில் வசிக்கும், அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார். தாயின் தலைமுறையைச் சேர்ந்த பெண்களை ‘ஆயி’ என்று அழைப்பது சீன வழக்கம். ஆயி என்றால் தமிழிலும் தாய்தான் என்பதால் அந்த அழைப்பு என் நாவில் முதல் நாளிலேயே ஒட்டிக்கொண்டது. அவரிடம் அளவு கேட்டுப் பயனில்லை. எவ்வளவு சோயா என்று கேட்டாலும், எத்தனை நிமிடம் என்று கேட்டாலும், ‘பார்த்துச் செய்’ என்பதே விடை. ஆனால் ஒரு சொல்லை மட்டும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்: ‘ஹுவோ ஹோ’. தீயின் அளவையும் அந்தத் தீயில் ஒரு பொருள் நிற்க வேண்டிய நேரத்தையும் சேர்த்துக் குறிக்கும் சொல் அது. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும் வீட்டில் வளர்ந்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை; நாம் பதம் என்கிறோம். இந்த உணவின் கடினமும் அதில்தான் இருக்கிறது. இறைச்சிக்கு ஒரு பதம், கிழங்குக்கு வேறொரு பதம். ஒன்று ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் கேட்கிறது, மற்றது இருபது நிமிடத்தில் முடிந்துவிடுகிறது; ஆனாலும் இரண்டும் ஒரே சட்டியில் ஒரே வேளையில் பதமாகி இறங்க வேண்டும்.

‘ஹொங் ஷாவ்’ என்னும் பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது இந்தச் சமையல். ஹொங் என்றால் சிவப்பு. மிளகாயால் வரும் சிவப்பு அன்று. சர்க்கரையைச் சிவக்க உருக்கி, சோயா சாஸ் சேர்த்து, மெல்லிய தீயில் நெடுநேரம் வேகவைப்பதால் வரும் செம்பழுப்பு. ஷாங்காயில் இதை இனிப்புத் தூக்கலாகவும் சாறு தடிப்பாகவும் செய்கிறார்கள். ஹுனான் மாநிலத்தில் மாவோவின் பெயரால் வழங்கும் வகையில் சோயாவைத் தவிர்த்து, சர்க்கரையிலிருந்தே நிறத்தை எடுப்பதும் உண்டு. சோங் காலத்துக் கவிஞர் சூ தோங்போ, 1080-இல் அரசியல் தண்டனையாக ஹுவாங்சோவுக்கு அனுப்பப்பட்டபோது, அங்கே மலிவாகக் கிடைத்த பன்றி இறைச்சியைக் குறைந்த நீரில், தழல் எழாத அடுப்பில், அவசரப்படுத்தாமல் வேகவிடும் முறையைப் பாட்டாகவே எழுதி வைத்தார். இன்றைக்கும் இந்தச் சமையலின் இலக்கணம் அதுவே. அவருடைய சட்டியில் உருளைக்கிழங்கு கிடையாது. தென் அமெரிக்காவில் விளைந்த அந்தக் கிழங்கு கடல் கடந்து சீனாவுக்கு வந்து சேரப் பின்னும் பல நூற்றாண்டுகள் ஆயின. வந்த இடமெல்லாம் அதற்கு ஒரு பெயர் கிடைத்தது. வடக்கில் ‘தூ தோ’, அதாவது மண் அவரை. எழுத்து வழக்கில் ‘மா லிங் ஷூ’, குதிரை மணிக் கிழங்கு. தென்மேற்கிலும் வடமேற்கிலும் ‘யாங் யூ’, கடல் கடந்து வந்த சேம்பு. இன்று உலகிலேயே மிகுதியாக உருளைக்கிழங்கு விளைவிக்கும் நாடு சீனாதான்.

இறைச்சியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் நான் அதிகம் தடுமாறவில்லை. வேண்டியது பன்றியின் வயிற்றுப் பகுதி. தோல், கொழுப்பு, சதை, மறுபடி கொழுப்பு, மறுபடி சதை என்று அடுக்கடுக்காக இருப்பதால் அதற்கு ‘வூ ஹுவா ரோ’, ஐந்து மலர் இறைச்சி என்று பெயர். தோலோடுதான் வாங்க வேண்டும். தோலிலும் அடுக்குகளுக்கு நடுவிலும் உள்ள கொலாஜன் நீண்ட நேரச் சூட்டில் ஜெலட்டினாக மாறுவதால்தான் சாற்றுக்கு உதட்டில் ஒட்டும் தன்மை வருகிறது. தோல் நீக்கிய கறியில் எவ்வளவு பக்குவம் செய்தாலும் அது முழுமையாக வராது. சந்தையில் எடையை ‘ஜின்’ கணக்கில் கேட்பார்கள். ஒரு ஜின் என்பது 500 கிராம். நான் மூன்று முறையும் ஒன்றரை ஜின், அதாவது 750 கிராம் வாங்கினேன். கொழுப்பும் சதையும் ஏறத்தாழ ஒத்த அளவில் இருக்கும் துண்டைக் கேட்டு வாங்குவது நல்லது. சதை மிகுந்த துண்டு பார்வைக்கு அழகாக இருந்தாலும் ஒரு மணி நேரத்துக்குப் பின் நார்நாராக வறண்டுவிடும்.

சோயா சாஸில் இரண்டு வகை உண்டு என்பதையும், அவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். ‘ஷெங் சோ’ வெளிர் வகை, அது உப்புக்கும் சுவைக்கும். ‘லாவ் சோ’ கரிய வகை, அது நிறத்துக்கு மட்டும். ஒரு தேக்கரண்டியே ஒரு சட்டியைக் கறுக்க வைக்கும். மதுவுக்குச் செஜியாங் மாநிலத்து ஷாவ்ஷிங் நகரின் அரிசி மது சிறந்தது. கடைகளில் ‘லியாவ் ஜியூ’ என்று சமையலுக்கென்றே விற்கும் மலிவான மதுவில் உப்புக் கலந்திருக்கும், அதை வாங்கினால் மற்ற உப்பைக் குறைக்க வேண்டும். அன்னாசிப்பூ, பட்டை, பிரியாணி இலை ஆகியவை நமக்குத் தெரிந்தவையே. அன்னாசிப்பூவுக்கு இங்கே ‘பா ஜியாவ்’, எட்டுக்கொம்பு என்று பெயர். தெற்கே குவாங்ஷிப் பகுதியில் அது பெருவாரியாக விளைகிறது. பிரியாணிக்குப் போடும் நினைப்பில் கையை அள்ளிவிடக் கூடாது. 750 கிராம் இறைச்சிக்கு இரண்டு பூ போதும். நான்காவது பூ விழுந்தால் மருந்து வாசனை வந்துவிடும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை என்னைத் தோற்கடித்தது சர்க்கரை. ‘தாங் ஸெ’ என்பது சர்க்கரையைச் சிறிதளவு எண்ணெயில் உருக்கிச் சிவக்க வைத்து, அதில் இறைச்சியைப் புரட்டி நிறமேற்றும் வேலை. இதற்குச் சீனியைவிடக் கற்கண்டையே விரும்புகிறார்கள், இறைச்சியின் மேல் பளபளப்பு நன்றாக நிற்கும் என்பதால். நம் வீட்டில் கோயிலுக்கும் தொண்டைக்கும் வைத்திருக்கும் அதே கற்கண்டு இங்கே கறி அடுப்பின் பக்கத்து டப்பாவில் இருக்கிறது. நான் கட்டைவிரல் நுனியளவு துண்டுகளை அப்படியே எண்ணெயில் போட்டு நடுத்தரத் தீயை வைத்தேன். துண்டுகளின் வெளிப்புறம் உருகிப் பாகாகிச் சிவந்து கறுக்கும்போதும் உள்ளே பாதி கல்லாகவே இருந்தது. அந்தக் கல் கரையட்டும் என்று நான் காத்திருந்த அரை நிமிடத்தில் பாகு முழுவதும் தீய்ந்துவிட்டது. சர்க்கரை சுமார் 160 பாகை செல்சியஸைத் தாண்டியதும் நிறம் மாறத் தொடங்கும். அதன்பிறகு பொன்னிறத்துக்கும் கரிக்கும் இடையே கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. தீய்ந்த பாகின் கசப்பை எந்த மசாலாவாலும் மறைக்க முடியாது. அதைக் கொட்டிச் சட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டியதாயிற்று.

அன்றே மறுபடி பாகு காய்ச்சியபோது அச்சத்தில் மறுபக்கம் சாய்ந்தேன். பாகு வெளிர் மஞ்சளாக இருக்கும்போதே இறைச்சியைப் போட்டுவிட்டேன், நிறம் ஏறவில்லை. அந்தக் குறையை ஈடுகட்டக் கரிய சோயாவை மூன்று மேசைக்கரண்டி ஊற்றினேன். உப்புக் கலந்த சமையல் மதுவும் அதனோடு சேர்ந்துகொள்ள, முடிவில் சாறு தார் போன்ற கறுப்பாகவும் தாங்க முடியாத உப்பாகவும் நின்றது. நிறம் என்பது சர்க்கரையிடமிருந்து பெரும்பங்கும் சோயாவிடமிருந்து சிறுபங்கும் வர வேண்டியது. அந்த விகிதம் தலைகீழாகும்போது சுவையும் தலைகீழாகிறது.

அன்று கிழங்கிலும் பிழை நடந்தது. இறைச்சி நீரில் வேகத் தொடங்கியபோதே கிழங்குத் துண்டுகளையும் சேர்த்துப் போட்டு மூடிவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தபோது விளிம்புகள் கரைந்து, நடுவில் நெல்லிக்காய் அளவுக்குச் சில கட்டிகள் மட்டும் மிதந்தன. சாறு கூழாகி அடிப்பிடித்திருந்தது. அந்த மணிநேரத்தின் முடிவிலும் இறைச்சி இன்னும் மெல்லும்படிதான் இருந்தது. கிழங்கின் மாவுச்சத்து அறுபது பாகையைக் கடந்ததுமே நீரை உறிஞ்சி வீங்கத் தொடங்கிவிடுகிறது. கொதிநிலையில் அதன் செல்களைப் பிணைத்திருக்கும் பெக்டின் கரைய, துண்டு குலைந்துவிடுகிறது. இறைச்சியின் கொலாஜனோ பொறுமையாகவே இளகும். இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால் ஒன்று முடிந்துபோன பிறகுதான் மற்றது பதத்துக்கு வரும். ஆயி அந்தச் சட்டியைப் பார்த்துவிட்டு, ‘கிழங்கு கடைசிப் பஸ்ஸில் ஏற வேண்டியது, நீ முதல் பஸ்ஸிலேயே ஏற்றிவிட்டாய்’ என்றார்.

இரண்டாம் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அவருடைய அடுப்பருகே நின்று சர்க்கரையை மட்டும் பார்த்துக் கற்றுக்கொண்டேன். கற்கண்டை முதலில் குழவியால் தட்டி ரவையைவிடச் சற்றுப் பெரிய பருவட்டாக்கிக்கொள்ள வேண்டும். குளிர்ந்த சட்டியிலேயே ஒரு மேசைக்கரண்டி எண்ணெயையும் சர்க்கரையையும் இட்டு, அடுப்பில் உள்ள ஆகச் சிறிய தீயை வைத்து, கரண்டியை நிறுத்தாமல் கிளற வேண்டும். முதலில் அது ஈர மணல் போல் திரளும், பிறகு உருகித் தெளியும், பிறகு பெரிய குமிழிகள் எழும். இந்த நிலையில் கரண்டியைத் தூக்கினால் பாகு நூலாக நீளும். இங்கே சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பொரித்து இந்தப் பாகில் புரட்டி, நூல் இழுக்க இழுக்க உண்ணும் ‘பா ஸி’ என்னும் இனிப்பு வடகிழக்கில் எல்லோருக்கும் பிடித்தது. நமக்கு வேண்டியது அதற்கு அடுத்த பதம். பெரிய குமிழிகள் உடைந்து சிறு நுரையாகி, நுரை அடங்கும் தறுவாயில், பாகு இலந்தைப் பழத்தின் தோல் நிறத்துக்கு வரும். அந்தக் கணத்தில் இறைச்சி உள்ளே விழ வேண்டும். இறைச்சித் துண்டுகளை முன்னதாகவே வடிகட்டி, ஈரம் ஒற்றி, தட்டில் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்காவிட்டால் அந்தக் கணம் தப்பிவிடும். ஈரத்தோடு போட்டால் பாகு தெறித்துக் கையைச் சுடும். அது எண்ணெய்ச் சூட்டைவிட மோசமானது, தோலில் ஒட்டிக்கொண்டு சுடும்.

சர்க்கரை அந்த வாரம் சரியாக வந்தது. இறைச்சியும் செம்பழுப்பாகப் பளபளத்தது. தவறியது கிழங்கு, அதுவும் நான் எதிர்பாராத வழியில். ஷென்யாங்கில் சனவரி இரவுகள் பூச்சியத்துக்குக் கீழே பதினைந்து பாகைக்கும் போகும். கண்ணாடி அடைத்த பால்கனியைப் பலரும் குளிர்பெட்டியாகவே பயன்படுத்துகிறார்கள். முட்டைக்கோசும் நீள வெங்காயத்தாளும் அங்கே குளிர்காலம் முழுவதும் அடுக்கியிருக்கும். நானும் ஐந்து கிலோ கிழங்கை வாங்கி மூன்று வாரமாக அங்கேதான் வைத்திருந்தேன். அந்தக் கிழங்கை வெட்டிப் பன்றிக் கொழுப்பில் வதக்கியபோது, இரண்டு நிமிடத்திலேயே விளிம்புகள் கரும்பழுப்பாயின. உள்ளே இன்னும் பச்சைதான். வெந்த பின் சுவைத்தால் சர்க்கரைவள்ளிக் கிழங்கின் சாயலில் ஓர் இனிப்பு. ஏற்கெனவே கற்கண்டு சேர்ந்த சாற்றோடு அந்த இனிப்பும் கூடித் திகட்டியது.

காரணம் கிழங்கின் உடலியலில் இருக்கிறது. நான்கைந்து பாகைக்குக் கீழான குளிரில் சில வாரம் கிடந்தால் உருளைக்கிழங்கு தன் மாவுச்சத்தின் ஒரு பகுதியைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. அந்தச் சர்க்கரைதான் சூடான கொழுப்பில் விரைவாகக் கருகுகிறது. சிப்ஸ் செய்வதற்கான கிழங்கை மிகுந்த குளிரில் வைக்காததும் இதனால்தான். ஆயி தம் கிழங்குகளை அட்டைப்பெட்டியில், ஒளி படாமல், படிக்கட்டுத் திருப்பத்தில் வைத்திருந்ததன் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது. அங்கே உறையும் குளிரும் கிடையாது, வீட்டுக்குள் இருக்கும் வெப்பமும் கிடையாது. ஒளியும் ஆகாது, ஏனென்றால் ஒளி பட்ட கிழங்கின் தோல் பச்சையாகும்; அந்தப் பச்சையோடு சேர்ந்து சொலனைன் என்னும் நச்சும் கூடுகிறது. பச்சையேறிய, முளைவிட்ட கிழங்கைச் சமைக்கக் கூடாது. மிஞ்சியிருந்த மூன்று கிலோவை அறைச் சூட்டில், துணி மூடி, இரண்டு வாரம் வைத்தேன்; இனிப்பு ஓரளவு இறங்கியது. ஆனாலும் மூன்றாம் முறைக்குப் புதிதாகவே வாங்கினேன்.

வாங்கும்போதும் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு. சீன வீடுகளில் உருளைக்கிழங்கை ஊசி போல் சீவி, நீரில் அலசி, வினிகர் விட்டு நறுக்கென்று இருக்கும்படி வதக்குவார்கள். அதற்கு வழவழப்பான, நீர்ப்பாங்கான கிழங்கு ஏற்றது. நமக்கு வேண்டியது மாவுப்பாங்கானது. வடக்கில் இந்தத் தன்மையை ‘மியான்’ என்கிறார்கள். கடைக்காரரிடம் ‘வேகவைக்க, மியானாக வேண்டும்’ என்று சொன்னால் அவரே எடுத்துக் கொடுப்பார். மாவுப்பாங்கான கிழங்கின் விளிம்பு வேகும்போது இலேசாக உதிரும், அந்த உதிரல் சாற்றைத் தடிப்பாக்கும். சீனச் சமையலில் பல இடங்களில் கடைசியில் மாவு கரைத்து ஊற்றிச் சாற்றைக் கட்டுவார்கள். இந்த உணவுக்கு அது தேவையில்லை, கிழங்கே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. கிழங்கு முழுவதும் கரையவும் கூடாது, சிறிதும் கரையாமல் இருக்கவும் கூடாது.

மூன்றாம் ஞாயிறு காலை 10 மணிக்குத் தொடங்கினேன். 750 கிராம் இறைச்சித் துண்டத்தை வெட்டும் முன், காய்ந்த இரும்புச் சட்டியில் தோல்பக்கம் கீழாக வைத்து அழுத்தி, தோல் பழுப்பாகும் வரை வாட்டினேன். எஞ்சியிருக்கும் மயிரும் தோலின் வாடையும் இதனால் போகும். வெந்நீரில் நனைத்துக் கத்தியின் முதுகால் சுரண்டிக் கழுவிய பின், மூன்று சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டினேன். வெந்ததும் சுருங்கும் என்பதால் இதைவிடச் சிறிதாக வெட்டுவது சரியன்று. துண்டுகளைக் குளிர்ந்த நீரில் போட்டு, மூன்று வட்டு இஞ்சியும் ஒரு கரண்டி மதுவும் சேர்த்துத் தீ மூட்டினேன். கொதிநீரில் போட்டால் மேற்பரப்பு உடனே இறுகி இரத்தம் உள்ளேயே நின்றுவிடும். குளிர்நீரில் தொடங்கினால் மெல்ல வெளியேறிச் சாம்பல் நிற நுரையாக மேலே வரும். கொதி வந்தபின் மூன்று நிமிடம் விட்டு, நுரையை அகற்றி, துண்டுகளை வெதுவெதுப்பான நீரில் அலசி வடித்து, துணியால் ஒற்றி எடுத்தேன்.

கற்கண்டு 25 கிராம். இலந்தைப்பழ நிறம் வந்ததும் இறைச்சியைக் கொட்டி, தீயைச் சற்றே உயர்த்தி, ஒவ்வொரு துண்டிலும் நிறம் ஏறும் வரை புரட்டினேன். ஐந்தாறு நிமிடத்தில் கொழுப்பு உருகிச் சட்டியின் அடியில் தேங்கியது. அதில் இரண்டு மேசைக்கரண்டி கொழுப்பை ஒரு கிண்ணத்தில் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன், பின்னால் கிழங்குக்கு அதுதான் தேவை. பிறகு இஞ்சி, நீள வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி, அன்னாசிப்பூ 2, விரல் நீளப் பட்டை ஒன்று, பிரியாணி இலை 2, காய்ந்த மிளகாய் 2 ஆகியவற்றைச் சேர்த்து மணம் வரும் வரை வதக்கி, சட்டியின் ஓரமாக ஷாவ்ஷிங் மது 60 மில்லி ஊற்றினேன். ஓரத்தில்தான் சூடு மிகுதி. அங்கே விழும் மது உடனே ஆவியாகி, இறைச்சியின் வாடையையும் சேர்த்துக்கொண்டு போகிறது. வெளிர் சோயா இரண்டு மேசைக்கரண்டி, கரிய சோயா ஒரே ஒரு தேக்கரண்டி. உப்பு அப்போது சேர்க்கவில்லை. சாறு சுண்டும்போது உப்பு தானே செறிவதால், அது கடைசியில் சுவைத்துப் பார்த்துப் போட வேண்டியது.

நீர் கொதிக்கக் கொதிக்க இருக்க வேண்டும் என்பதில் ஆயி கண்டிப்பாக இருந்தார். முதல் வாரம் நான் குழாய்நீரை ஊற்றியபோது பாகு சட்டியடியில் கண்ணாடிச் சில்லாக இறுகியதை நினைத்துக்கொண்டேன். இம்முறை கெட்டிலில் கொதித்த நீர் ஏறக்குறைய 900 மில்லி, துண்டுகள் மூழ்கி அதற்குமேல் இரண்டு விரல் நிற்கும் அளவு ஊற்றினேன். ஒரு கொதி வந்ததும் மூடி, மேற்பரப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி எழும் அளவுக்குத் தீயைக் குறைத்தேன். துள்ளும் கொதி இறைச்சியை அலைக்கழித்து அடுக்குகளைப் பிரித்துவிடும். அப்போது மணி 10.50.

இறைச்சி வேகும் நேரத்தில் கிழங்கு. 600 கிராம், தோல் சீவி, ‘குன் தாவ்’ வெட்டு. கிழங்கைப் பலகையில் படுக்க வைத்துச் சாய்வாக ஒரு வெட்டு, கால் சுற்று உருட்டி மறுபடி சாய்வாக ஒரு வெட்டு. இப்படி வெட்டினால் ஒவ்வொரு துண்டுக்கும் பல முகங்களும் மெல்லிய விளிம்புகளும் கிடைக்கும். முகங்கள் சாற்றை உறிஞ்சும், விளிம்புகள் உதிர்ந்து சாற்றைக் கட்டும்; துண்டின் நடுப்பகுதி தடிப்பாக இருப்பதால் குலையாது. கனசதுரமாக வெட்டும்போது இவ்வளவும் கிடைப்பதில்லை. துண்டுகளை ஒருமுறை அலசி, நன்றாக ஒற்றி, எடுத்து வைத்த பன்றிக் கொழுப்பில் நடுத்தரத் தீயில் எட்டு நிமிடம் புரட்டினேன். இம்முறை விளிம்புகள் நிதானமாகப் பொன்னிறமாயின, கறுக்கவில்லை. இப்படி வதக்குவதால் வெளியே ஒரு மெல்லிய தோல் படிந்து, சாற்றில் விழுந்தபின் துண்டு வடிவம் இழக்காமல் நிற்கிறது.

மணி 11.55. மூடியைத் திறந்து ஒரு துண்டின் தோலில் சாப்ஸ்டிக் முனையை அழுத்தினேன். இலேசான எதிர்ப்போடு உள்ளே போயிற்று. கடிகாரத்தைவிட இந்தச் சோதனையை நம்ப வேண்டும் என்று இப்போது சொல்வேன். எதிர்ப்பு மிகுதியாக இருந்தால் இன்னும் பத்து நிமிடம் பொறுக்க வேண்டும், எதிர்ப்பே இல்லாவிட்டால் கிழங்கு ஏறத் தாமதமாகிவிட்டது என்று பொருள். அன்னாசிப்பூ, பட்டை, இலை ஆகியவற்றை வெளியே எடுத்துவிட்டுக் கிழங்கைச் சேர்த்தேன். சாறு அப்போது கிழங்கின் பாதி உயரத்துக்கு இருந்தது. அதுவே போதிய அளவு. முழுக மூழ்கினால் பின்னால் சுண்ட வைக்கும் நேரம் நீண்டு கிழங்கு குலைந்துவிடும். மூடி, சிறு தீயில் பதினெட்டு நிமிடம். நடுவில் ஒரே ஒரு முறை, கரண்டி போடாமல் சட்டியின் கைப்பிடியைப் பிடித்துச் சுழற்றிக் கொடுத்தேன். வெந்த கிழங்கின் பக்கத்தில் கரண்டியைக் கொண்டுபோகவே கூடாது.

கடைசிக் கட்டத்துக்கு ‘ஷோ ஜீ’ என்று பெயர், சாற்றைச் சுருக்குதல். மூடியை எடுத்துத் தீயை உயர்த்தியதும் சாறு சலசலவென்று கொதித்துக் குமிழிகள் பெரிதாகி மெதுவாயின. பாகு காய்ச்சும்போது வரும் அதே ஓசை. சாற்றைக் கரண்டியால் அள்ளி மேலே இருக்கும் தோல்களின் மேல் விட்டுக்கொண்டே இருந்தேன். நான்கு நிமிடத்தில் சாறு கரண்டியின் முதுகில் படலமாக ஒட்டியது. சுவைத்துப் பார்த்து அரைத் தேக்கரண்டி உப்பு. அடியில் இன்னும் கால் பங்கு சாறு நிற்கும்போதே தீயை அணைத்துவிட வேண்டும். சோற்றுக்கு அது தேவை, தட்டில் ஆறும்போதும் கிழங்கு இன்னும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மணி 12.20. நறுக்கிய பச்சைத் தாளைத் தூவி இறக்கினேன்.

தோல் நடுங்கும் அளவுக்கு இளகியிருந்தது, ஆனால் பிரியவில்லை. கொழுப்பு அடுக்கு பல்லுக்கு வேலையின்றி உருகியது. அதன் பெரும்பகுதி ஏற்கெனவே வெளியேறிக் கிழங்குக்குள் போய்விட்டதால் திகட்டவில்லை. கிழங்கைச் சாப்ஸ்டிக்கால் இரண்டாகப் பிளந்தபோது வெளியே அரை விரல் ஆழத்துக்குப் பழுப்பும் உள்ளே மஞ்சளும் இருந்தன. ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். ஆயி முதலில் எடுத்தது இறைச்சியை அன்று, கிழங்கை. அதைத் தம் சோற்றுக் கிண்ணத்தில் நசுக்கி, அந்தச் சாற்றோடு கலந்து ஒரு வாய் உண்டுவிட்டு, இறைச்சி இன்னும் ஐந்து நிமிடம் நின்றிருக்கலாம், கிழங்கில் குறையில்லை என்றார். அவர் வீட்டுச் சோறு இதே மாநிலத்துப் பான்ஜின் அரிசி. குட்டையான, ஒட்டும் தன்மையுள்ள அந்த அரிசிதான் இந்தச் சாற்றைத் தாங்கிப் பிடிக்கிறது. உதிரியாக வடித்த நெடும் அரிசியில் சாறு அடியில் இறங்கிவிடுவதை முதல் வாரமே பார்த்திருந்தேன்.

மிஞ்சியதைக் குளிர்பெட்டியில் வைத்தேன். காலையில் திறந்தபோது மேலே வெள்ளைக் கொழுப்பு ஒரு படலமாகவும், அதன் கீழே சாறு முழுவதும் ஜெல்லி போல் உறைந்தும் இருந்தது. படலத்தில் பாதியை வழித்தெடுத்து வேறு ஒரு நாள் முட்டைக்கோசு வதக்க வைத்துக்கொண்டேன். இரண்டாம் நாள் கிழங்கைக் கிளறிச் சூடாக்கினால் உடைந்துவிடும் என்பதால், ஒரு குவளை வெந்நீர் விட்டுச் சிறு தீயில் தானாக இளக விட்டேன். இளகியதும், அரைமணி நேரம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்த ‘ஃபென் தியாவ்’ ஒரு பிடி சேர்த்தேன். வடகிழக்கில் அந்தக் கண்ணாடி நூடுல்ஸை உருளைக்கிழங்கு மாவிலேயே செய்கிறார்கள். எட்டு நிமிடத்தில் அது பழுப்பு நிறமாகி மிச்சச் சாற்றை முழுவதும் உறிஞ்சிக்கொண்டது. அடுத்த முறைக்கு நான் குறித்து வைத்திருக்கும் மாற்றம் ஒன்றுதான்: கிழங்கு ஏறும் நேரத்தை 11.55-இலிருந்து 12 மணிக்குத் தள்ள வேண்டும்.